பொம்பெய் சுவரில் ஒரு தேர்தல் பேரம்

பொம்பெய் நகரத்துச் சுவர் ஒன்றில் ஒரு தேர்தல் விளம்பரம் இருக்கிறது. ப்ரோகுலுஸ் என்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ சபீனுஸை ஈடைல் ஆக்கு, அவர் உன்னை ஆக்குவார்" என்கிறது. அவ்வளவுதான், லத்தீனில் எட்டே சொல். இன்றைக்கு ஒரு வேட்பாளர் இதைப் போனில் சொல்லி, அது ரெக்கார்ட் ஆகி வெளியே வந்தால் நாலு நாள் டிவி விவாதம் ஓடும். அங்கே தெருவில் போறவங்க வர்றவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி சாயத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

திரைமறைவு பேரம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதில் பாதி அந்த ஊரில் திரைக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. மறைந்திருந்த பாதி எது என்பதுதான் எனக்குக் கேள்வி.

முதலில் ஊர் நிர்வாகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வருஷத்துக்கு நாலு பதவி. தெரு, சந்தை, பொதுக் கட்டிடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஈடைல்கள் இரண்டு பேர். அவர்களுக்கு மேலே நீதி, மன்றம், வரவு செலவு எல்லாம் பார்க்கும் டூவிர்கள் இரண்டு பேர். தேர்தல் வசந்த காலத்தில், பதவியேற்பு ஜூலை 1. ஓட்டு, குடியுரிமை உள்ள ஆண்களுக்கு மட்டும். ஈடைலாக இருந்தவர்தான் பிறகு டூவிர் ஆவது வழக்கம். ஆகவே இன்றைக்கு உதவி கேட்கிறவர் நாளைக்கு உதவி செய்கிற இடத்தில் இருப்பார்.

இப்படிப்பட்ட விளம்பரங்கள் 2,500க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை கி.பி. 62 வாக்கில் வந்த நிலநடுக்கத்துக்கும் 79இல் வெசுவியஸ் வெடித்ததற்கும் இடைப்பட்டவை. பழசை வெள்ளையடித்து மேலே புதுசு எழுதிவிடுவார்கள். நம்மூரில் சுவர் பிடித்து எழுதுகிறவர்கள் போலவே அங்கேயும் அதற்கென்று தொழில்முறை ஆட்கள் உண்டு. எமிலியுஸ் கெலெர் என்பவர், நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன் என்று ஒரு விளம்பரத்தில் குறித்திருக்கிறார். இன்னொன்றில், பொறாமையில் இதை அழிக்கிறவனுக்கு நோய் வரட்டும் என்று சாபம் விட்டிருக்கிறார். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும்.

இத்தனை சுவர் இருந்தும் வாக்குறுதி என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பெயர், பதவி, "தகுதியானவர்", "இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன்" என்பதோடு முடிந்துவிடும். புருட்டியுஸ் பால்புஸ் கருவூலத்தைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று ஒன்று. யூலியுஸ் பொலிபியுஸ் நல்ல ரொட்டி தருகிறார் என்று இன்னொன்று. பொலிபியுஸ் பேக்கரி வைத்திருந்தாரா, ரொட்டி இலவசமாகக் கொடுத்தாரா என்று ஆய்வாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். சந்தையைக் கண்காணிப்பது ஈடைல் வேலை, அந்தப் பதவிக்குத்தான் அவர் நிற்கிறார். அதனால் ரொட்டியின் தரம் நன்றாக இருக்கும் என்ற பொருளும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

வாக்குறுதி சுவரில் இல்லை என்றால் வேறு எங்கே? சாப்பாட்டு அறையில் தேடலாம். ஸ்பெயினில் உர்சோ என்ற ரோமானியக் குடியேற்றத்தின் சட்டம் வெண்கலத் தகடுகளில் கிடைத்திருக்கிறது. பதவிக்கு நிற்கிறவர் அந்த வருஷத்தில் தேர்தலுக்காக விருந்து வைக்கக்கூடாது, மீறினால் 5,000 செஸ்டர்ஸ் அபராதம் என்கிறது அது. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்பது பேர் வரை அழைக்கலாமாம்! ரோமானியச் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மஞ்சம், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். அதாவது ஒரு அறை நிறைய விருந்தாளி வந்தால் தப்பில்லை, முற்றத்தில் பந்தி போட்டால்தான் தப்பு. சட்டம் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறது என்றால், பந்தி போடுகிற வழக்கம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே செலவைப் பதவி கிடைத்த பிறகு செய்தால் அது பெருமை. பொம்பெய்யின் அவுலுஸ் க்ளோதியுஸ் ஃப்ளாக்குஸ் கல்லறைக் கல்வெட்டு, அவர் டூவிராக இருந்தபோது நடத்திய ஊர்வலம், காளைகள், கூத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஊர்க் கருவூலத்துக்கு 10,000 செஸ்டர்ஸ் கொடுத்ததையும் சொல்கிறது. ஓட்டுக்கு முன்னால் கொடுத்தால் குற்றம், பின்னால் கொடுத்தால் கல்லில் பொறிக்கலாம். யார் எவ்வளவு கொடுப்பார் என்பதை ஊர் முன்கூட்டியே ஊகித்துப் பேசாமலா இருந்திருக்கும்?

இன்னும் வெளிப்படையான கொடுக்கல் வாங்கல் ஐசிஸ் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் இடிந்த கோயிலைத் தன் செலவில் அடித்தளத்திலிருந்து கட்டிக்கொடுத்ததற்காக, போபிதியுஸ் கெல்ஸினுஸ் என்பவரை நகர்மன்றம் கட்டணமில்லாமல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவருக்கு வயசு ஆறு. பணம் போட்டது அப்பா அம்ப்ளியாதுஸ் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அப்பா விடுதலை பெற்ற அடிமை, சட்டப்படி அந்த மன்றத்தில் அவர் உட்கார முடியாது. கோயில் ஊருக்கு, நாற்காலி பையனுக்கு. ஒளிவுமறைவே இல்லை.

தலைநகர் ரோமில் கதை வேறு. கி.மு. 54இல் கான்சல் பதவிக்கு நின்ற இரண்டு பேர், பதவியில் இருந்த கான்சல்களோடு எழுத்துமூலமாக ஒரு பேரம் பேசியிருந்தார்கள். அதில் ஒருவரான மெம்மியுஸ் அதை செனட்டிலேயே வாசித்துக் காட்டியதால்தான் அம்பலமானது. சிசரோ கடிதத்தில் எழுதி வைத்ததால் நமக்கும் தெரிகிறது. அந்தத் தேர்தலில் லஞ்சத்துக்கு ஓடிய பணத்தில் ஊர் வட்டி விகிதமே இரட்டிப்பானது என்றும் அவர் எழுதுகிறார். பங்காளி ஒருவன் வாயைத் திறந்தால்தான் இந்த வகைப் பேரம் வெளியே வரும்.

இனி வதந்தி. மார்குஸ் கெர்ரினியுஸ் வாத்தியா என்பவரை ஈடைல் ஆக்கச் சொல்லி பொம்பெய்யில் மூன்று விசித்திர விளம்பரங்கள் உண்டு. ஆதரவாளர்கள் யார் என்றால்: சில்லறைத் திருடர்கள், ராத்திரி வெகுநேரம் குடிப்பவர்கள், தூங்குமூஞ்சிகள். எதிராளி செய்த அவதூறு என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் குடிகாரர் விளம்பரத்தின் அடியில் ஃப்ளோருஸும் ஃப்ருக்துஸும் எழுதியது என்று கையெழுத்தே இருக்கிறது. அவதூறு பரப்புகிறவன் பெயர் போடுவானா? வாத்தியாவின் கூட்டாளிகளே செய்த கேலியாக இருக்க நியாயம் அதிகம்.

வதந்தி கிளப்புவதில் நவீன ஆய்வாளர்களும் சளைத்தவர்கள் இல்லை. அஸெல்லினா என்பவரின் மதுக்கடைச் சுவரில் ஸ்மிரினா, ஏகிளே என்று பெண்கள் பெயரில் ஆதரவு விளம்பரங்கள் உள்ளன. ஓட்டு இல்லாவிட்டாலும் ஆதரவு தெரிவிக்கத் தடையில்லை. ஒன்றில் ஸ்மிரினாவின் பெயர் மேல் மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தது. உடனே, இப்படிப்பட்ட பெண்ணின் ஆதரவு வேட்பாளருக்குப் பிடிக்கவில்லை, அவர்தான் அழிக்கச் சொன்னார் என்று ஒரு கதை. அந்தப் பெண்கள் பாலியல் தொழிலாளிகள் என்று இன்னொரு கதை. கையில் இருக்கிற சான்று கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும்தான். இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒரு கடைக்காரப் பெண்ணின் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

மறைந்த பாதிக்கு வருகிறேன். ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளர் கடைசி ஒன்பது வருஷ விளம்பரங்களை அடுக்கிப் பார்த்தார். ஈடைல் பதவிக்குப் போட்டி தெரிகிறது. மேல்பதவியான டூவிருக்கோ இரண்டு இடத்துக்குச் சரியாக இரண்டே பெயர்தான் நிற்கிறது என்பது அவர் வாதம். இந்த வருஷ வரிசையை ஹென்ரிக் மௌரிட்சன் போன்றவர்கள் ஏற்கவில்லை, நானும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பாதியளவு சரியாக இருந்தால்கூட, பெரிய பதவி யாருக்கு என்பது ஓட்டுக்கு முன்பே சில வீடுகளுக்குள் முடிவாகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பேச்சு எந்தச் சுவரிலும் இல்லை.

1851இல் மலாகாவில் கிடைத்த வெண்கலத் தகட்டில், அந்த ஊரின் தேர்தல் சட்டம் இருக்கிறது. ஓட்டுப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் வேறு தொகுதியைச் சேர்ந்த மூன்று பேர் காவல், அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும், வேட்பாளரும் ஆள் நிறுத்தலாம். வேட்பாளர் எண்ணிக்கை குறைந்தால் என்ன செய்வது என்பதும் உண்டு. தேர்தலை நடத்தும் அதிகாரியே தேவையான பெயர்களை அறிவிப்பார். அறிவிக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சொல்லலாம், அவரும் ஒருவரைச் சொல்லலாம். யாரோடு பேசி அந்தப் பெயர்களை எடுக்க வேண்டும் என்பது பற்றிச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. தரையில் நிற்கிறவர் படிக்கிற உயரத்தில் பட்டியலை எழுதி வைக்க வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.