இருபயன் விசையுந்து

இருபயன் விசையுந்து அல்லது டூயல் ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் என்பது தார்ச்சாலையிலும், மண், சரளை, மணல் போன்ற செப்பனிடப்படாத பாதைகளிலும் ஓட்டுவதற்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட விசையுந்து வகையாகும். முகப்பு விளக்கு, நிறுத்த விளக்கு, ஒலிப்பான், பின்நோக்குக் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டிருப்பதால் இதனைப் பதிவு செய்து பொதுச் சாலையில் ஓட்டலாம். மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளிலிருந்து இது வேறுபடுவது இதனாலேயே.

மண்பாதையில் நன்மை தரும் பெரும்பாலான அமைப்புகள் தார்ச்சாலையில் ஏதேனும் ஓர் இழப்பை உண்டாக்குகின்றன. ஆகையால் இவ்வண்டியைத் தெரிவு செய்வதும் மாற்றியமைப்பதும், ஓட்டுநர் எந்தப் பாதையில் எவ்வளவு தொலைவு செல்கிறார் என்பதைப் பொறுத்தவை.

வரலாறு

1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைவனங்களில் ஓட்டியவர்கள் டிரையம்ப் முதலிய பிரித்தானிய சாலை வண்டிகளின் புகைபோக்கியை உயர்த்தியும் டயர்களை மாற்றியும் பயன்படுத்தினர். இவை எடை மிகுந்தவை. 1968 இல் யமஹா நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கு டிடி-1 என்னும் வண்டியை அறிமுகப்படுத்தியது. 246 கன செ.மீ. ஈரடிப்பு எஞ்சின் கொண்ட இந்த இலகுவான வண்டி பெரும் வரவேற்பைப் பெற்றது. 1972 இல் ஹோண்டா எக்ஸ்எல்250 நான்கடிப்பு எஞ்சினுடன் வெளிவந்தது.

1978 டிசம்பரில் தொடங்கிய முதலாவது பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் யமஹா எக்ஸ்டி500 வண்டியில் சென்ற சிரில் நவூ வெற்றி பெற்றார். 1980 இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ், நெடும்பயணத்துக்கான பெரிய வண்டிகளுக்கு வழிவகுத்தது. இந்தியாவில் 2011 இல் ஹீரோ இம்பல்ஸ், 2016 இல் ராயல் என்பீல்டு ஹிமாலயன், 2019 இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஆகியவை அறிமுகமாயின. இவற்றுள் ஹிமாலயன் தமிழ்நாட்டில் தயாரிக்கப்படுவதாகும்.

தெரிவு செய்தல்

எடை, எரிபொருள் கொள்ளளவு, இருக்கை உயரம் ஆகிய மூன்றும் முதலில் ஒப்பிடத்தக்கவை. வட அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட நான்கு வண்டிகளின் தோராயமான அளவுகள் வருமாறு (எடை, எரிபொருளுடன் கூடியது):

* யமஹா டபிள்யூஆர்250ஆர் (2008-2020): 250 கன செ.மீ., 134 கிலோகிராம், 7.6 லிட்டர்
* சுசுகி டிஆர்-இசட்400எஸ் (2000 முதல் 2024 வரை): 398 கன செ.மீ., 144 கிலோகிராம், 10 லிட்டர்
* சுசுகி டிஆர்650எஸ்இ (1996 முதல்): 644 கன செ.மீ., 166 கிலோகிராம், 13 லிட்டர்
* கவாசாகி கேஎல்ஆர்650 (2008-2018 வடிவம்): 651 கன செ.மீ., 196 கிலோகிராம், 23 லிட்டர்

முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையிலான வேறுபாடு 60 கிலோகிராமுக்கும் மேலாகும். நெடுஞ்சாலையில் அந்த எடை பக்கக் காற்றில் நிலைத்தன்மை தருகிறது. ஆனால் மணலிலோ சேற்றிலோ வண்டி சாய்ந்தால் அதனைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் ஓட்டுநரே. ஆள் நடமாட்டமற்ற இடங்களுக்குத் தனியே செல்வோர், தம்மால் தூக்கி நிறுத்த முடிந்த வண்டியையே தெரிவு செய்வது பாதுகாப்பானது.

தரை இடைவெளி கூடும்போது இருக்கையும் உயர்கிறது. டிஆர்650எஸ்இ வண்டியின் இருக்கை உயரம் ஏறத்தாழ 885 மில்லிமீட்டர் ஆகும். கால் தரையில் எட்டாத நிலை, சரிவில் நிற்கும்போது விழக் காரணமாகிறது.

மாற்றியமைத்தல்

டயர்

செலவைப் பொறுத்தவரை மிகுந்த பயன் தரும் மாற்றம் டயரே. பெரிய ரப்பர்க் கட்டைகள் துருத்திய டயர்கள் சேற்றையும் மணலையும் பற்றிக்கொள்கின்றன. தார்ச்சாலையில் அக்கட்டைகளின் மேற்பரப்பு மட்டுமே தொடுவதாலும், அவை வளைந்து கொடுப்பதாலும், திருப்பங்களிலும் ஈரச் சாலையில் தடை பிடிக்கும்போதும் பிடிப்பு குறைகிறது. தேய்மானமும் விரைவாகும். பயணத்தின் பெரும்பகுதி தார்ச்சாலையில் அமைந்தால் இடைநிலை வகை டயரே ஏற்றது.

மண்பாதையில் காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் தரையில் படியும் பரப்பு கூடும். அளவு மீறிக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். மீண்டும் சாலைக்கு வரும்போது காற்றை நிரப்பாமல் விரைவாக ஓட்டினால் டயர் சூடேறி, வண்டியின் கட்டுப்பாடும் கெடும். எனவே கையடக்கக் காற்றடிப்பானும் அழுத்தமானியும் எடுத்துச் செல்ல வேண்டியவை.

காப்புறுப்புகள்

எஞ்சினின் அடிப்பகுதியைக் கல்லடியிலிருந்து காக்கும் உலோகத் தகடும், கிளட்ச், தடை ஆகியவற்றின் பிடிகளைக் காக்கும் கைக்காப்பும் சிறு விழுதல் பயணத்தையே முடக்கிவிடாமல் காக்கின்றன. இவற்றுக்கு முன் வண்டியின் அறியப்பட்ட குறைகளைச் சரிசெய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 2007 வரையிலான கேஎல்ஆர்650 வண்டிகளில் சமநிலைச் சங்கிலியை இறுக்கும் நெம்புகோல் உடையக்கூடியது என்பதால், உரிமையாளர் பலர் அதற்கு வலுவான மாற்றுறுப்பைப் பொருத்தினர்.

பற்சக்கரம்

டிஆர்650எஸ்இ வண்டியில் முன் பற்சக்கரம் 15 பற்களும் பின் பற்சக்கரம் 42 பற்களும் கொண்டவை, விகிதம் 2.80. முன்புறம் 14 பற்கள் கொண்டதைப் பொருத்தினால் விகிதம் 3.00 ஆகிறது. மெதுவான, செங்குத்தான பாதையில் இது உதவும். ஆயினும் அதே வேகத்தில் எஞ்சின் 7 விழுக்காடு கூடுதலாகச் சுழல்வதால் நெடுஞ்சாலையில் அதிர்வும் எரிபொருள் செலவும் கூடும். பல்லிணைப்பெட்டியிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் வேகமானியும் பிழையாகக் காட்டும்.

அதிர்வுத்தாங்கி

ஓட்டுநரும் சுமையும் ஏறியபின் அதிர்வுத்தாங்கி தன் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழ்வது பொதுவான அளவுகோலாகும். அதனினும் மிகுதியாக அமிழ்ந்தால் வலுவான சுருள்வில் தேவை. இருக்கையைத் தாழ்த்துவதற்காகப் பின்புறத்தை மட்டும் தாழ்த்தினால் முன்சக்கரத்தின் கோணம் மாறி வண்டி திரும்பும் இயல்பு கெடும். முகப்பு விளக்கும் மேல்நோக்கும். கைப்பிடியை உயர்த்தினால் தடைக் குழாயும் கம்பி வடங்களும் கைப்பிடியின் முழுத் திருப்பத்திலும் இழுபடாமல் உள்ளனவா எனச் சோதிக்க வேண்டும்.

எரிபொருளும் சுமையும்

பெரிய எரிபொருள் கலன் பயணத் தொலைவைக் கூட்டும். ஆனால் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் எடையை வண்டியின் மேற்பகுதியில் சேர்க்கிறது. சுமைகளைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் கட்டுவது நல்லது. பின்சக்கரத்துக்கு அப்பால் உயரமாகக் கட்டிய சுமை, முன்சக்கரத்தின் மீதான எடையைக் குறைத்து மணலில் தடுமாறச் செய்யும்.

சட்ட வரையறைகள்

இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் காட்டுத்தீயைத் தவிர்க்கும் பொருட்டு, சைலன்சரில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும். சைலன்சரை மாற்றுவோர் இத்தடுப்பான் உள்ளதா எனக் கவனிப்பது கட்டாயமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* விசையுந்து
* மோட்டோகிராஸ்
* டக்கார் பந்தயம்