பனி படர்ந்த சரிவுச் சாலைகளும் குளிர்கால டயரும்

குளிர்கால டயர் என்பது வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் மாதங்களில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் டயர். அதன் ரப்பர்க் கலவையும் மேல்தடத்தில் புடைத்துள்ள பட்டன்களின் அமைப்பும் பனிக்கும் உறைபனிக்கும் குளிர்ந்த ஈரத்துக்கும் ஏற்றபடி அமைந்தவை. கனடா, நார்டிக் நாடுகள், ஆல்ப்ஸ் மலைநாடுகள், வட ஜப்பான் ஆகிய பகுதிகளில் கார் வைத்திருப்போர் பலர் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றுகிறார்கள். சமதரையில் இந்த டயர் பாதுகாப்பைக் கூட்டுகிறது. மேடும் இறக்கமும் நிறைந்த ஊரிலோ, வண்டி நிற்குமா நிற்காதா என்பதையே அது முடிவு செய்கிறது.

சரிவின் கணக்கு

டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பை உராய்வுக் கெழுவால் அளக்கிறார்கள். காய்ந்த தார்ச்சாலையில் அது 0.7 முதல் 0.9 வரை இருக்கும். இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரையிலும், பனிக்கட்டியில் 0.1 அளவிலும் நிற்கும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, மேலே நீர் கசியும் பனிக்கட்டியில் இன்னும் குறையும். கடுங்குளிரில் உறைந்திருக்கும் பனிக்கட்டியைவிட, உருகும் நிலையிலுள்ள பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய நீர்ப்படலம் ரப்பரைச் சாலையிலிருந்து பிரித்துவிடுகிறது.

சரிவில் இந்தப் பிடிப்பின் ஒரு பகுதியைப் புவியீர்ப்பு முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் இறங்கும் சாலையில், வண்டி நழுவாமல் நிற்பதற்கே 0.1 அளவு பிடிப்பு வேண்டும். எஞ்சியதுதான் பிரேக்குக்குக் கிடைக்கும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தை விட்டுவிட்டு பிரேக் தூரத்தை மட்டும் கணக்கிட்டால், 0.8 பிடிப்புள்ள காய்ந்த சமதரையில் கார் 8 மீட்டரில் நின்றுவிடும். 0.2 பிடிப்புள்ள சமதரைப் பனியில் 31 மீட்டர் ஓடும். அதே பனி 10 சதவீத இறக்கத்தில் இருந்தால் 63 மீட்டர். பிடிப்பு 0.1 ஆகக் குறைந்தால், அந்த இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது.

குளிர்கால டயருக்கான வாதம் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. நல்ல டயர் பிடிப்பை 0.2-லிருந்து 0.25-ஆக மட்டும் உயர்த்துகிறது என்று கொள்வோம். சமதரையில் அதனால் மிச்சமாவது 6 மீட்டர். 10 சதவீத இறக்கத்தில் பிரேக் தூரம் 63 மீட்டரிலிருந்து 42 மீட்டராகக் குறைகிறது. மிச்சம் 21 மீட்டர். டயரில் கிடைக்கும் சிறு முன்னேற்றத்தைச் சரிவு பலமடங்காக்கித் தருகிறது. டயரின் சிறு குறையையும் அப்படியே பெருக்குகிறது.

ரப்பரும் பட்டனும்

சாதாரணக் கோடை டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படியாது. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரின் பங்கும் சிலிக்காவின் பங்கும் கூடுதலாக இருப்பதால் அது குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். 7 டிகிரி என்பது திடீரென்று எல்லாம் மாறும் எல்லைக்கோடு அல்ல; அதை ஒட்டிய வெப்பநிலையில் கோடை டயரின் பிடிப்பு படிப்படியாகக் குறையத் தொடங்குகிறது. சாலையில் பனி விழாத குளிர்காலைகளிலும் டயர் மாற்றுவதற்குப் பொருள் உண்டு என்பதை இது காட்டுகிறது.

பட்டன்களுக்கு நடுவே உள்ள அகன்ற பள்ளங்கள் பனியைக் கவ்வி இறுக்கிக்கொள்கின்றன. பனியோடு பனி நன்றாகப் பிடிக்கும் என்பதால், பள்ளத்தில் அடைந்த பனியே சாலையிலுள்ள பனியைப் பற்றுகிறது. ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் பல இருக்கும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து, நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகச் சாலையைச் சுரண்டும், நீர்ப்படலத்தையும் உள்ளிழுக்கும். பட்டன் தேயத் தேய இந்த வெட்டுகளின் ஆழம் குறைகிறது. ஐரோப்பாவில் பொதுச் சட்ட வரம்பு 1.6 மி.மீ. ஆழமாக இருந்தாலும், குளிர்காலத்துக்கு 4 மி.மீ. வேண்டும் என்று அறிவுறுத்துவது இதனால்தான்.

குளிர்கால டயரிலும் இரு வகை உண்டு. மத்திய ஐரோப்பிய வகை, ஈரமான குளிர்ச்சாலைகளுக்கும் நெடுஞ்சாலை வேகத்துக்கும் ஏற்றது. நார்டிக் வகையின் ரப்பர் இன்னும் மென்மையானது. பனிக்கட்டியில் அதன் பிடிப்பு மேலானது.

வரலாறு

பட்டனில் மெல்லிய வெட்டுகள் இடும் உத்திக்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் சைப் 1923-இல் காப்புரிமை பெற்றார். பின்லாந்தின் சுவோமென் கும்மிதேதாஸ் ரப்பர் ஆலை, இன்றைய நோக்கியன் டயர்ஸ் நிறுவனத்தின் முன்னோடி. அது 1934-இல் லாரிகளுக்கான கெலிரெங்காஸ் என்ற குளிர்கால டயரை வெளியிட்டது. கார்களுக்கான ஹக்கபெலீட்டா 1936-இல் வந்தது; அந்தப் பெயரில் டயர்கள் இன்றும் விற்பனையாகின்றன.

ஆணி டயர்

உலோக ஆணிகள் பதித்த டயர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நார்டிக் நாடுகளிலும் பின்னர் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரவின. டங்ஸ்டன் கார்பைடு முனை, வழவழப்பான பனிக்கட்டியையும் கொத்திப் பிடிக்கும். அதே முனை பனி இல்லாத இடத்தில் தார்ச்சாலையை அரைத்துத் தூசியாக்கும். ஜப்பானில் சென்டாய், சப்போரோ போன்ற நகரங்களின் காற்று இந்தத் தூசியால் கெட்டது. 1990-இல் அங்கு ஆணி டயரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதற்குள் ஆணி இல்லாத மாற்று டயர்கள் உருவாகியிருந்தன. பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இல் கொண்டுவந்த பிளிசாக் டயரின் ரப்பரில் நுண்ணிய குமிழ்கள் இருந்தன. அவை பனிக்கட்டியின் மேலுள்ள நீரை உறிஞ்சி விலக்கின.

ஆணி போனதும் வேறொரு சிக்கல் எழுந்தது. ஆணிகள் கொத்திச் சொரசொரப்பாக்கிவந்த பனிப்பரப்பை, புதிய டயர்கள் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கின. சப்போரோ, ஒட்டாரு நகரங்களின் செங்குத்தான தெருக்கள் சிலவற்றில் சாலைக்கு அடியில் சூடேற்றும் அமைப்பைப் புதைக்க வேண்டியிருந்தது. ஜெர்மனி 1975 முதல் ஆணி டயரைத் தடை செய்திருக்கிறது. சுவீடன் அதை அனுமதித்தாலும், ஸ்டாக்ஹோமின் ஹோர்ன்ஸ்கதான் தெருவில் 2010 முதல் தூசி காரணமாக அதற்குத் தடை.

குறியீடுகள்

டயரின் பக்கவாட்டில் எம்+எஸ் என்ற எழுத்துகள் இருந்தால், அதன் பட்டன் அமைப்பு சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்வதாகப் பொருள். அதற்கு எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை. மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த குறியீடு 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அறிமுகமானது. ஒப்பீட்டுக்கான நிலையான டயரைவிடப் பனியில் போதிய அளவு மேலான இழுவையைக் காட்டிய டயருக்கே இதைப் பொறிக்கலாம். ஆனால் இதுவும் பனிக்கான சோதனைதான், பனிக்கட்டிக்கானதல்ல. 2021 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் விவரச்சீட்டில் பனிக்கட்டிப் பிடிப்புக்கெனத் தனிக் குறியும் இடம்பெறுகிறது. மேட்டுத் தெருவில் குடியிருப்பவர் டயர் வாங்கும்போது தேட வேண்டிய குறி அது.

எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் டயர்கள் அனைத்தும் மலைக்குறி பெற்றவை அல்ல. எம்+எஸ் எழுத்து மட்டும் கொண்டவற்றை நம்பி உறைபனி மேட்டில் இறங்குவது ஆபத்து.

சட்டங்கள்

வட அமெரிக்காவில் குளிர்கால டயரை முதலில் கட்டாயமாக்கியது கனடாவின் கியூபெக் மாகாணம். 2008-இல் நடைமுறைக்கு வந்த விதி டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை பொருந்தியது. 2019 முதல் தொடக்க நாள் டிசம்பர் 1 ஆனது. கனரக வாகனங்கள் இந்த விதிக்குள் வருவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலை நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் வேண்டும். பட்டன் ஆழம் குறைந்தது 3.5 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் குளிர்கால டயர் பொருத்தியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் உள்ளது.

ஜெர்மனி நாட்களைக் குறிக்காமல் சாலையின் நிலையைக் குறிக்கிறது: பனியோ உறைபனியோ சாலையில் இருந்தால் ஏற்ற டயர் இருக்க வேண்டும் என்று 2010 டிசம்பரில் விதி தெளிவாக்கப்பட்டது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குளிர்காலச் சாலைநிலை இருக்கும்போது இதே கட்டாயம். பிரான்சின் மலைப்பகுதிகளில் 2021 நவம்பர் முதல், குளிர்கால டயரோ சங்கிலியோ வண்டியில் இருக்க வேண்டும்.

மொன்றியல், 2016

கியூபெக் மாகாணத்தின் மொன்றியல் நகரின் மையத்தில் உள்ள பீவர் ஹால் சரிவு, பனி படர்ந்த சரிவின் இயல்பை உலகம் முழுவதும் பார்க்கக் காட்டிய இடம். 2016 டிசம்பர் 5 காலை, வழுக்கும் அந்த இறக்கத்தில் கார்களும் நகரப் பேருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி மோதின. உதவிக்கு வந்த போலீஸ் காரும் நழுவியது. கடைசியில் பனி அகற்றும் வண்டியே கட்டுப்பாடிழந்து சறுக்கி வந்து அதன்மேல் மோதியது. எடையோ ஓட்டுநரின் அனுபவமோ பிடிப்புக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. அன்றைய விதிப்படி குளிர்கால டயர் கட்டாயமாக இன்னும் பத்து நாள் இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. நாட்காட்டியை எதிர்பார்த்துக் காத்திராமல் முன்னதாகவே டயர் மாற்ற வேண்டும் என்பதே அந்தக் காலை சொல்லும் பாடம்.

நான்கு சக்கர இயக்கம் போதாதா?

ஏறுவதற்கு அது பெரிதும் உதவும். முன்சக்கர இயக்கமுள்ள காரில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. மேட்டில் எடை பின்பக்கம் சாய்வதால் அவற்றின் மீதுள்ள பாரம் மேலும் குறையும். 0.2 பிடிப்புள்ள பனியில் இத்தகைய கார் ஏறக்குறைய 10 சதவீத ஏற்றத்தில் திணறிவிடும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி அதைப்போல இருமடங்கு செங்குத்தில் ஏறக்கூடும்.

பிரேக் விஷயத்தில் இந்த வேறுபாடு இல்லை. எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. எனவே நான்கு சக்கர இயக்கம் ஒருவரை மேலே கொண்டுபோய்விடும். பத்திரமாக இறங்க டயர்தான் வேண்டும். சறுக்குத் தடுப்பு பிரேக்கும் இருக்கும் பிடிப்பைச் சரியாகப் பயன்படுத்துமே தவிர, புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது.

டயர்களை நான்காகவே மாற்ற வேண்டும். முன்சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் போட்டால், முன்பக்கம் பிடித்து நிற்க, பிடிப்பற்ற பின்பக்கம் சுழன்று வெளியே வீசப்படும். இறக்கத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஏறும் முறை, இறங்கும் முறை

ஏறுமுன் அடிவாரத்தில் நின்று, முன்னே செல்லும் வண்டி உச்சியைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். நடுமேட்டில் நின்றால் மீண்டும் கிளம்புவது கடினம். தாழ்ந்த கியரில், ஒரே சீரான வேகத்தில் ஏற வேண்டும். சக்கரம் சும்மா சுழலத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்த வேண்டும். சுழலும் சக்கரம் பனியை உருக்கி மெருகேற்றி, இன்னும் வழுக்கச் செய்யும். ஏற முடியவில்லை என்றால் வண்டியைத் திருப்ப முயலாமல், பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ரிவர்ஸ் கியரில் நேராக மெல்ல இறங்குவதே பாதுகாப்பு.

இறங்கும்போது வேகத்தை உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும். பாதியில் குறைக்கலாம் என்ற எண்ணம் கூடாது. தாழ்ந்த கியர் எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்க உதவும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே நேரத்தில் பிடிப்பைக் கேட்டால் இரண்டுக்கும் போதாது. முதலில் வேகம் குறைத்துப் பிறகு திரும்ப வேண்டும். நழுவத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை நிதானமாகத் திருப்ப வேண்டும். சறுக்குத் தடுப்பு பிரேக் உள்ள காரில் அவசரமாக நிறுத்தும்போது பெடல் அதிரும். காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டிச் சாலையில் வண்டிகளுக்கிடையிலான இடைவெளி வழக்கத்தைவிடப் பத்து மடங்குகூடத் தேவைப்படலாம் என்கிறது பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு.

வரம்புகளும் பராமரிப்பும்

கோடையில் குளிர்கால டயர் வேகமாகத் தேயும். சூடான சாலையில் அதன் பிரேக் தூரமும் கூடும். பருவம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். இரண்டு செட் டயர் வாங்குவது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு செட் ஓடும்போது மற்றொன்று ஓய்வெடுப்பதால் இரண்டும் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் 5 முதல் 6 டிகிரி குறையும்போது டயர்க் காற்று ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். குளிர் தொடங்கியதும் காற்றைச் சரிபார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பழைய ரப்பர் இறுகும் என்பதால், பட்டன் மிச்சமிருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும்.

இமயமலையும் புலம்பெயர் தமிழரும்

இந்தியாவில் மணாலி, ரோதாங், சோஜிலா பகுதிகளில் குளிர்கால டயர் பரவலாக இல்லை. உள்ளூர் ஓட்டுநர்கள் இழுவைச் சக்கரங்களில் சங்கிலி மாட்டுகிறார்கள். பனி விழும் நாட்களில் நான்கு சக்கர இயக்கமோ சங்கிலியோ உள்ள வண்டிகளை மட்டும் அனுமதிப்பதும் வழக்கம். சமவெளியிலிருந்து சொந்தக் காரில் பனி பார்க்கப் போகிறவர்கள், சாதாரண டயரோடு மலையேறுவதைவிட உள்ளூர் வண்டியை அமர்த்திக்கொள்வது நல்லது.

டொராண்டோ, மொன்றியல், ஒஸ்லோ, சூரிச் நகரங்களில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பருவத்துக்கேற்ப டயர் மாற்றும் பழக்கம் இல்லாத மண்ணிலிருந்து வருவோருக்கு முதல் குளிர்காலம் கடினமானது. புதிதாக வந்து கார் வாங்கும் உறவினருக்கு ஏற்கெனவே அங்கிருப்பவர்கள் சொல்ல வேண்டிய முதல் அறிவுரை, முதல் பனிக்கு முன்பே நான்கு டயரையும் மாற்றச் சொல்வதுதான். அடுத்தது, உறைமழை பெய்து மேடு முழுவதும் பனிக்கட்டி படிந்திருக்கும் காலையில் எந்த டயரையும் நம்பாமல், உப்பும் மணலும் தூவி முடியும்வரை காத்திருக்கச் சொல்வது. வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போவதால் யாருக்கும் உயிர் போவதில்லை.