கடற்பசுவைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? பாக்கு விரிகுடாவில் நமக்கு முன்னால் உள்ள கேள்வி

வடக்கின் கரையோரக் கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறேன். அழிந்துவரும் உயிரினங்கள் என்று பேச்செடுத்தாலே, சனத்துக்கே நீதி கிடைக்காத மண்ணில் மீனுக்கும் ஆமைக்கும் கடற்பசுவுக்கும் என்ன பாதுகாப்பு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பார்கள். சிலர் கோபமாகக் கேட்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரத்தில் தொடர் போராட்டம் நடத்துகிறார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய் தந்தையர் பலர். இப்படியான இடத்தில் ஒரு விலங்குக்காகப் பேசுபவர் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்குக் கடற்பசுவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் கடலின் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

எது இந்தக் கடற்பசு?

ஆவுளியா என்றும் அழைக்கப்படும் கடற்பசு ஒரு பாலூட்டி. சிங்களத்தில் அதன் பெயருக்குக் கடற்பன்றி என்று பொருள். ஏறத்தாழ 3 மீற்றர் நீளம், 400 கிலோ வரை எடை. கடலில் வாழும் பாலூட்டிகளில் முழுக்க முழுக்கத் தாவரத்தை உண்டு வாழ்வது இதுவும் இதன் உறவினங்களும் மட்டுமே. இதன் உணவு கடற்புல். நம் ஊரில் சாதாளை என்று சொல்வார்களே, அந்த வகை. ஒரு வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும்.

கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். அதனால் ஆழமற்ற கடலில்தான் அது வளரும். பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீற்றருக்கும் குறைவு. மன்னாரிலிருந்து தீவகம் வரையும், எதிர்க்கரையில் இராமேஸ்வரத்திலிருந்து தஞ்சாவூர்க் கரை வரையும் கடலடியில் புல்வெளிகள் விரிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். கடற்பசு இந்தக் கடலைத் தேடி வந்ததும் அந்தப் புல்லுக்காகத்தான்.

உலகம் முழுவதற்குமான நிலையில், ஐ.யூ.சி.என். செம்பட்டியல் இதை அழியும் ஆபத்தை எதிர்கொள்ளும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. இடத்துக்கு இடம் நிலைமை மாறும். 2022 டிசெம்பரில் கிழக்கு ஆபிரிக்கக் கரையோரக் கடற்பசுக்கள் அழிவின் விளிம்பில் உள்ளவையாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, சீனக் கடலில் அவை நடைமுறையில் அற்றுப்போய்விட்டன என்றது. இந்தியக் கரைகளில் சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வட அவுஸ்திரேலியாவில்தான் இன்னமும் பெருந்தொகையாக இருக்கின்றன.

அழிவு இயற்கைதானே?

உயிரினங்கள் தோன்றுவதும் மறைவதும் இயற்கைதானே என்று இன்னொரு வாதமும் உண்டு. இதுவரை பூமியில் தோன்றியவற்றில் மிகப் பெரும்பாலானவை மறைந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்த மறைவுக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. இன்றைய வேகம் வேறு.

கடற்பசுவின் உறவினம் ஒன்று வட பசிபிக்கில் வாழ்ந்தது. ஸ்டெல்லர் கடற்பசு என்று பெயர். 8 மீற்றர் வரை வளரும் சாதுவான விலங்கு. 1741இல் பேரிங்கின் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியவர்கள் அதைக் கண்டார்கள். பின்னால் வந்த வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காகக் கொன்றார்கள். 1768க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. கண்டுபிடித்து 27 ஆண்டுகளில் ஓரினமே முடிந்துபோனது.

நம் கடற்பசுவும் வேகமாகப் பெருகும் விலங்கல்ல. 70 ஆண்டு வரை வாழக்கூடியது. ஆனால் முதற் கன்றை ஈனவே பல ஆண்டுகள் எடுக்கும். சினைக்காலம் 13 மாதத்துக்கு மேல். ஒரு தடவைக்கு ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. எல்லாம் நன்றாக நடந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 வீதத்துக்கு மேல் பெருகாது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அதாவது 100 கடற்பசுக்கள் உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு வலையில் சிக்கி இறந்தாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும். யாரும் வேட்டையாட வேண்டும் என்றுகூட இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக மேலே வரவேண்டிய விலங்கு இது. திருக்கைக்கு விரித்த பெருங்கண் வலையில் மாட்டினால் மூச்சடைத்துச் செத்துவிடும்.

புல்லில் யாருடைய சோறு இருக்கிறது?

கடற்புல் கடற்பசுவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. கூழுக்குப் போடும் ஓரா மீன் அங்கேதான் மேய்கிறது. இறால் குஞ்சு அங்கேதான் ஒளிந்து வளர்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் நீலக்கால் நண்டு, கடலட்டை, கணவாய் எல்லாவற்றுக்கும் அதுவே வீடு. சிறு வள்ளத்தில் போய் அன்றன்று கிடைப்பதை விற்று அடுப்பெரிக்கும் குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. போரில் கணவனை இழந்து, கரையில் மீன் தெரிந்தும் நண்டு கழற்றியும் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்களும் அந்தக் குடும்பங்களுக்குள் அடக்கம்.

இந்தப் புல்வெளியை அழிப்பது எது என்று கேட்டால் கரையில் எவரும் தயங்காமல் சொல்லும் பதில் இழுவைமடி. இரும்பும் மரமும் சேர்ந்த பலகைகள் அடித்தளத்தை உழுதுகொண்டு போகும். புல் வேரோடு பிடுங்கப்படும். கலங்கிய சேறு படிந்து மிச்சப் புல்லுக்கும் வெயில் மறைக்கும். மடியில் ஏறுவதில் பெரும்பங்கு குஞ்சும் குருமனும்.

இதற்கும் போருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1983க்கு முன்னர் நாட்டின் மீன் உற்பத்தியில் யாழ்ப்பாண மாவட்டம் முன்னணியில் நின்றது. பின்னர் வந்த கடல் தடைகள், பாஸ் நடைமுறைகள், இடப்பெயர்வுகள் எங்கள் தொழிலாளரைக் கரையிலேயே முடக்கின. அதே காலத்தில் தமிழகத்தில் இழுவைப்படகுகள் பெருகின. தங்கள் பக்கக் கடலைச் சுரண்டி முடித்தவை ஆளில்லாத எங்கள் கடலுக்குள் வந்து பழகிவிட்டன. 2009க்குப் பின்னர் கடன்பட்டு வலை வாங்கிக் கடலுக்குத் திரும்பியவர்கள் கண்டது, இழுவைப்படகுகள் அறுத்துச் சென்ற வலைகளை. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோடு படகுகளையும் தடுக்கவில்லை, கடலடியையும் காக்கவில்லை.

2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை. எங்கள் பக்கத்திலும் குருநகர், பேசாலை போன்ற இடங்களில் இழுவைப்படகுகள் இருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. தங்கூசி வலையும் வெடியும் இன்னமும் இங்கே முற்றாக ஒழியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் தமிழக இழுவைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதம்தான் தொழில் நிம்மதி என்று கரையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆக, 'மனிதரா, கடற்பசுவா' என்ற கேள்வி பாக்கு விரிகுடாவில் பொருந்தாது. ஒரே மடிதான் இரண்டு பேருடைய சோற்றையும் வாரிக்கொண்டு போகிறது.

அப்படியென்றால் ஏன் தயக்கம்?

தயக்கம் விலங்கின் மீதல்ல, பாதுகாக்க வருபவர்கள் மீது. போருக்குப் பிந்தைய வடக்கில் 'பாதுகாப்பு' என்ற சொல் வர்த்தமானியோடும் எல்லைக்கல்லோடும்தான் வந்து சேர்ந்தது. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. அதே ஆண்டு நெடுந்தீவிலும் ஒரு தேசிய பூங்கா. மீள்குடியேறியவர்கள் தங்கள் வாடி அடித்த இடத்துக்கும் விறகெடுத்த பற்றைக்கும் யாரிடம் அனுமதி கேட்பது என்று திகைத்தார்கள். உயர் பாதுகாப்பு வலயத்தில் வீட்டை இழந்தவனுக்கு இன்னொரு திணைக்களத்தின் எல்லைக்கல் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோடு போடுபவர்களே அதை அழிக்கவும் செய்வார்கள். மன்னார் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. கண்டலும் கடற்புல்லும் நிறைந்த இடம். 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டயரை நீருயிரின வளர்ப்புக்காக விடுவித்து வர்த்தமானி வந்தது. சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. விறகு பொறுக்கும் பெண்ணுக்கு இறுக்கமாக இருக்கும் சட்டம் முதலீட்டாளருக்கு நெகிழ்கிறது என்று சனம் நினைத்தால் அதில் என்ன பிழை?

கடலட்டைப் பண்ணை விவகாரமும் இதே வகைதான். வெள்ளை அட்டை செம்பட்டியலில் அருகிவரும் இனமாக இருக்கிறது. இந்தியா 2001இலேயே கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்துவிட்டது. இங்கே அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம், வளர்க்கலாம். குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பது காட்டு அட்டை மீதான அழுத்தத்தைக் குறைக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆழமற்ற புல்வெளிக் கடலை வேலியடைத்துத் துண்டு துண்டாகப் பிரித்தபோது, சிறகுவலைக்காரனுக்கும் தடிபோட்டு வள்ளம் ஊன்றுபவனுக்கும் வழியில்லாமல் போனது. 2022இல் கிராஞ்சிக் கடற்றொழிலாளர்கள் இதற்காகத் தொடர் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது: எங்களைக் கேட்காமல் எங்கள் கடலைப் பங்கு போடாதீர்கள்.

எதிர்க்கரையில் என்ன செய்தார்கள்?

தமிழக அரசு 2022 செப்ரெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அது. அங்கே கவனிக்கத்தக்கது வரைபடத்தைவிட நடைமுறை. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை பணப்பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது. முன்பு பயத்தில் மறைக்கப்பட்ட விடயம் இப்போது சொல்லப்படும் விடயமாக மாறியிருக்கிறது.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்றில்லை. 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றப்போவதாக 2017இல் தொடங்கிய திட்டத்தில் மாறியவை மிகச் சொற்பம். ஒரு கரையில் பாதுகாப்பகம் வைத்துக்கொண்டு மறுகரையின் புல்வெளியை உழுதால் கடற்பசு எங்கே மேயும்? அதற்கு எல்லைக்கோடு தெரியாது.

இலங்கையில் தாவரங்கள், விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி கடற்பசுவைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றம். உலகச் சூழல் நிதியத்தின் உதவியோடு எட்டு நாடுகளில் நடந்த கடற்பசு, கடற்புல் பாதுகாப்புத் திட்டத்தில் இலங்கையும் பங்கெடுத்தது. சட்டம் இருக்கிறது, திட்டமும் வந்து போயிருக்கிறது. கரையில் உள்ளவரின் கையில் எதுவும் வந்து சேரவில்லை.

என் பதில்

காப்பாற்றத்தான் வேண்டும். அழகுக்காகவோ அனுதாபத்துக்காகவோ அல்ல. கடற்பசு வாழமுடியாத பாக்கு விரிகுடாவில் சிறுதொழிலாளியும் வாழமுடியாது.

பனையை நினைத்துப் பாருங்கள். காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் எத்தனை ஆயிரம் பனைகள் தறிக்கப்பட்டன! பலன் காணப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் எடுக்கும் என்று தெரிந்தும் திரும்பி வந்த சனம் விதை நட்டது. பனையைக் காப்பாற்ற வேண்டுமா என்று யாரும் விவாதிக்கவில்லை, ஏனென்றால் அதை எங்களுடையது என்று நினைக்கிறோம். கடலடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் அந்த நினைப்பு வரவில்லை.

காப்பாற்றும் வேலையும் எங்களுடையதாக இருக்கவேண்டும். எந்தப் புல்வெளியில் எந்த மாதத்தில் எந்த வலை விடக்கூடாது என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களும் சமாசங்களும் திணைக்களங்களோடு ஒரே மேசையில் இருந்து தீர்மானிக்கவேண்டும். கடற்பசுவை விடுவிக்கத் தன் வலையை வெட்டுபவருக்கு அந்த வலையின் பெறுமதி கையில் கிடைக்கவேண்டும். புதிய பண்ணைக்கு அனுமதி கொடுக்குமுன் கடலடியில் புல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2017 சட்டம் இரு கரைப் படகுகளுக்கும் ஒரேமாதிரி நடைமுறைக்கு வரவேண்டும். இரு கரைத் தமிழ் மீனவர்களின் பேச்சுவார்த்தை கைதும் விடுதலையும் பற்றியதோடு நின்றுவிடாமல் கடலடியையும் பேசவேண்டும்.

ஐம்பதுகளின் இறுதியில் பிறந்த ஒரு கடற்பசு இன்றும் இந்தக் கடலில் உயிரோடு இருக்க முடியும். கச்சதீவு ஒப்பந்தம், கடல் தடை, ஷெல்லடி, இழுவைமடி எல்லாவற்றையும் அது தாண்டியிருக்கும். அதன் கன்றுக்கு மேயப் புல் மிஞ்சுமா என்பது இனி நாங்கள் எடுக்கும் முடிவுகளில்தான் இருக்கிறது.