ஏலத்துக்கு முந்தைய வாதம்: கபடி ரசிகர்களும் முதன்மை ரெய்டர் தேர்வும்

கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று புள்ளி எடுத்து வருபவர் ரெய்டர் எனப்படுகிறார். ஓர் அணியின் பெரும்பாலான ரெய்டுகளைச் சுமப்பவர் முதன்மை ரெய்டர். புரோ கபடி லீக் தொடரின் ஏலம் நெருங்கும்போதெல்லாம், எந்த அணி எந்த ரெய்டரை எடுக்க வேண்டும், அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற வாதம் ரசிகர்களிடையே எழுகிறது. தென்காசி மாவட்டம் சுரண்டை போன்ற கபடி வேரூன்றிய ஊர்களுக்கு இவ்வாதம் புதிதல்ல. ஆட்டக்காரரை எடைபோடும் பழக்கம் அங்கு தொலைக்காட்சிக்கு முன்பே இருந்தது. தொழில்முறை ஏலம் அதற்கு ஒரு விலையைச் சேர்த்தது.

சடுகுடு முதல் ஆசிய விளையாட்டு வரை

தமிழகத்தில் சடுகுடு என்றும் பலீஞ்சடுகுடு என்றும் அழைக்கப்பட்ட இந்த ஆட்டம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகாராஷ்டிரத்தில் எழுதப்பட்ட விதிகளைப் பெற்றது. 1938இல் கல்கத்தாவில் நடந்த இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகளில் கபடி சேர்க்கப்பட்டது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுகளில் காட்சி ஆட்டமாக இடம்பெற்ற கபடி, 1990 பெய்ஜிங்கில் பதக்கத்துக்குரிய போட்டியானது.

இக்காலத்தில் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது தேர்வுக் குழு. மாவட்ட அணி, மாநில அணி, பின்னர் இந்திய அணி என்பது பாதை. ரயில்வே, காவல்துறை, வங்கி, மின்வாரியம் போன்ற துறைகளின் அணிகளில் இடம் கிடைப்பது வேலை கிடைப்பதற்குச் சமம். ஆகவே தேர்வு குறித்த வாதம் ஒரு குடும்பத்தின் வாழ்வு குறித்த வாதமாகவும் இருந்தது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து வந்த மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். அவரது வாழ்வின் தூண்டுதலில் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ திரைப்படம் 2025இல் வெளிவந்தது. திறமை இருந்தும் அணிக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பதே அப்படத்தின் மையம்.

மின்னொளி மைதானங்கள்

சுரண்டை, தென்காசி மாவட்டத்தின் வீரகேரளம்புதூர் வட்டத்தில் உள்ள வணிக ஊர். 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இந்த வட்டாரத்திலும், தாமிரபரணிக் கரையோர ஊர்களிலும் பொங்கல், கோயில் கொடை ஆகிய நாட்களை ஒட்டி நடக்கும் ‘மின்னொளி கபடிப் போட்டி’ ஊர்த் திருவிழாவின் பகுதி. செம்மண் தரையில் கோடு கிழித்து, கம்பங்களில் விளக்குக் கட்டி, இரவு முழுவதும் ஆட்டம் நடக்கும். பரிசாகச் சுழற்கோப்பையும் பணமும் அளிக்கப்படும். சில ஊர்களில் ஆட்டுக்கிடாயும் உண்டு. பல போட்டிகள் எடைப் பிரிவு வைத்து நடப்பதால், ஆட்டத்துக்கு முன் எடை பார்க்கும் இடத்தில்தான் முதல் சண்டை தொடங்கும்.

இங்குதான் ரசிகரின் கண் பழகியது. எந்தக் காலை முன்வைத்து ரெய்டர் உள்ளே போகிறார், போனஸ் கோட்டைத் தொடும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வர முடிகிறதா, கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சு நிற்கிறதா என்பவை அளவுகோல்கள். வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்கு அழைத்து வருவதும், அவருக்காக உள்ளூர்ப் பையனை உட்கார வைப்பதும், அதனால் ஊருக்குள் மனக்கசப்பு வருவதும் இப்போட்டிகளில் பழகிப்போன காட்சிகள். ‘வெளியாளா, நம்ம ஆளா’ என்ற கேள்வி பின்னர் கோடிகளில் கேட்கப்பட்டது.

ஏல முறையின் வருகை

புரோ கபடி லீக் 2014 ஜூலை 26 அன்று எட்டு அணிகளுடன் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் மும்பையில் நடந்த முதல் ஏலத்தில், இந்திய அணித் தலைவராக இருந்த ராகேஷ் குமாரை பாட்னா பைரேட்ஸ் 12.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவே அன்றைய உச்ச விலை. நான்கு ஆண்டுகளில், 2018 ஏலத்தில், ஹரியானா ஸ்டீலர்ஸ் மோனு கோயத்துக்கு 1.51 கோடி கொடுத்தது. கபடி வீரர் ஒருவரின் ஏல விலை கோடியைத் தாண்டிய ஆண்டு அது.

ஏலத்தின் அமைப்பு எளியது. அணிகள் அனைத்துக்கும் ஒரே அளவு செலவு வரம்பு உண்டு. வீரர்கள் முன்னனுபவத்தின்படி பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் அடிப்படை விலை வைக்கப்படுகிறது. 2022இல் மேல் பிரிவின் அடிப்படை விலை 30 லட்சம், கடைப் பிரிவின் விலை 6 லட்சம். ஓர் அணியின் மொத்த வரம்பு 4.4 கோடி. அந்தப் பணத்துக்குள் ஏறத்தாழ இருபது பேரைச் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும்.

சுரண்டை, பாவூர்சத்திரம் பகுதியில் ஏலம் என்றதும் நினைவுக்கு வருவது காய்கறிக் கமிஷன் கடை. அங்கு கூவப்படும் விலை அன்றைய வரத்தையும் தேவையையும் சொல்லும். காய் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லாது. வீரர் ஏலமும் அப்படித்தான். ஓர் ஆட்டக்காரரை இரண்டு அணிகள் விடாமல் கேட்டால் விலை ஏறும். அவர் திறமை அதே அளவுக்கு ஏறியது என்று அதற்குப் பொருள் இல்லை.

தமிழ் தலைவாஸ்: 2022

2017இல் லீக் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ் தலைவாஸ் உருவானது. முதல் சீசனில் இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த அஜய் தாக்கூர் அணித் தலைவராகவும் முதன்மை ரெய்டராகவும் இருந்து 200க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் அணி தன் பிரிவில் கடைசி இடமே பெற்றது. 2019 ஏலத்தில் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தும், அந்தச் சீசன் பட்டியலின் அடியில் முடிந்தது. அடுத்த சீசனிலும் இறுதிச் சுற்று கிட்டவில்லை.

2022 ஆகஸ்ட் ஏலத்துக்கு முன் தமிழக ரசிகர்களின் வாதம் இந்தப் பின்னணியில்தான் நடந்தது. அப்போது ஏலத்துக்கு வந்தவர் பவன் செஹ்ராவத். 2018இல் 271, அடுத்த இரு சீசன்களிலும் 300க்கு மேல் என்று ரெய்டு புள்ளிகள் குவித்தவர். பெங்களூரு புல்ஸ் கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தில் மட்டும் 22 புள்ளிகள் எடுத்தவர். அணிக்கு இத்தனை ஆண்டுகள் இல்லாதது ஆட்டத்தைத் தனியாகத் திருப்பக்கூடிய ஒருவர். அவர் கிடைக்கும்போது விலை பார்க்கக்கூடாது என்பது ஒரு தரப்பு. அஜய் தாக்கூரும் ராகுல் சவுத்ரியும் பெரிய பெயர்கள்தான், தோற்றது தடுப்பாட்டத்தில், எனவே பணத்தைப் பிரித்துச் செலவிட வேண்டும் என்பது மறுதரப்பு.

தமிழ் தலைவாஸ் அவரை 2.265 கோடிக்கு எடுத்தது. லீக் வரலாற்றில் அதுவரை இல்லாத விலை அது. அணியின் மொத்த வரம்பில் பாதிக்கும் மேல். 2022 அக்டோபர் 8 அன்று பெங்களூருவில் குஜராத் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்காலில் அடிபட்டு பவன் வெளியேறினார். சீசன் முழுவதும் அவர் திரும்பவில்லை.

அதன்பின் நடந்ததை எந்தத் தரப்பும் ஏலத்துக்கு முன் சொல்லியிருக்கவில்லை. ஏலப் பேச்சில் பெயரே அடிபடாத புதுமுகமான நரேந்தர், முதன்மை ரெய்டர் இடத்துக்கு வந்து அச்சீசனில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சாகர், சாஹில் குலியா ஆகியோரின் தடுப்பாட்டம் துணை நின்றது. சீசன் நடுவில் பயிற்சியாளர் பொறுப்பேற்ற அஷன் குமார் அணியைச் சீர்படுத்தினார். தமிழ் தலைவாஸ் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்கு முன்னேறி, உ.பி. யோதாஸ் அணியைச் சமன்முறிப்பில் வென்று, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37–39 என்று இரண்டு புள்ளிகளில் தோற்றது.

விலை சொன்னதும் சொல்லாததும்

2023 ஏலத்தில் பவனின் விலை மேலும் ஏறியது. தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. அவர் 200 ரெய்டு புள்ளிகளைக் கடந்தும், அணி 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று கடைசி இடம் பெற்றது. அதே ஏலத்தில் ஈரானைச் சேர்ந்த முகமதுரெசா ஷாத்லூயியை புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்து அந்தச் சீசனில் கோப்பை வென்றது. 2024இல் அவரை 2.07 கோடிக்கு எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸும் கோப்பை வென்றது. ஷாத்லூயி முதன்மை ரெய்டர் அல்லர். பிடிப்பதில் பெயர்பெற்ற, தேவைப்பட்டால் ரெய்டும் செல்லும் பன்முக ஆட்டக்காரர்.

ஆகவே ‘அதிக விலை வீண்’ என்ற முடிவுக்கும் வர முடியாது. கபடியில் ரெய்டர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்தால்தான் உள்ளே வர முடியும். ஒரே ரெய்டரை நம்பிய அணியில் அவர் வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது மற்ற ரெய்டர்களும், பிடிப்பவர்களும்தான். முதன்மை ரெய்டருக்கு விலை கொடுத்த பிறகு அவரை உயிர்ப்பிக்க ஆள் இருக்கிறதா என்பதே அந்த விலையின் பொருளைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தின் ஒப்பீடு

இதே வகை வாதம் மிகப் பெரிய அளவில் நடப்பது அமெரிக்கக் கால்பந்தில். அங்கு அணியின் ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ 1936 முதல் நடக்கிறது. முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் தொழில்முறை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் 199ஆவதாக, ஆறு குவாட்டர்பேக்குகளுக்குப் பின் தேர்வான டாம் பிராடி ஏழு முறை கோப்பை வென்றார்.

இரண்டு முறைகளும் கேட்கும் கேள்விகள் வேறு. டிராஃப்ட் ‘யார் சிறந்தவர்’ என்று மட்டும் கேட்கிறது. ஏலம் ‘இவருக்காக எத்தனை பேரை இழக்கலாம்’ என்றும் சேர்த்துக் கேட்கிறது. ஆனால் இரண்டிலும் பிழை ஒரே இடத்தில் நேர்கிறது: கண்ணில் பட்டவர்களுக்குள்தான் வாதம் நடக்கிறது.

தமிழக வீரர்கள் பற்றிய கேள்வி

தமிழ் தலைவாஸ் அணியின் பெயரில் தமிழ் இருந்தும், அதன் பெருவிலை ரெய்டர்கள் பெரும்பாலும் வட மாநிலத்தவர். தென்மாவட்ட ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை இது. இதற்கு எதிர்வாதமும் உண்டு: ஏலத்தில் அணி வாங்குவது வெற்றிக்கான ஆளை, ஊரை அல்ல. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோது பாட்னா ரசிகர்கள் அவரது ஊரைக் கேட்கவில்லை. அதே ஆண்டு அவர் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

எனினும் குறையில் உண்மை இருக்கிறது. ஹரியானா கிராமங்களில் மெத்தை விரிப்பு மைதானங்களும் முழுநேரப் பயிற்சி மையங்களும் பரவியுள்ளன. லீக் ஆட்டம் மெத்தை மீது, ஷூ அணிந்து, 30 நொடி ரெய்டு கணக்கில் நடப்பது. செம்மண்ணில் வெறுங்காலுடன் பழகியவருக்குத் திரும்பும் வேகமும் பிடியின் அழுத்தமும் வேறு. எடைப் பிரிவுப் போட்டிகளில் வளர்ந்த மெலிந்த ரெய்டர், 85 கிலோ வரை அனுமதிக்கும் லீக்கில் புதிதாக உடலை வளர்க்க வேண்டியிருக்கிறது. திறமைக்கும் ஏலப் பட்டியலுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

மதிப்பீடு

பன்னிரண்டு சீசன்களின் ஏல வரலாறு ரசிகர்களின் இரு தரப்பையும் ஓரளவு மெய்ப்பித்தும் ஓரளவு பொய்ப்பித்தும் இருக்கிறது. ஒரு பெரிய ரெய்டர் ஆட்டத்தைத் திருப்புவார் என்பது உண்மை. அவரது முழங்கால் ஒரு சீசனைத் திருப்பிவிடும் என்பதும் உண்மை. 2022இல் தமிழ் தலைவாஸைக் காப்பாற்றியது ஏலத்தில் எடுத்த சரியான முடிவு அல்ல. புதுமுகம் ஒருவரை அணியில் வைத்திருந்து, நேரம் வந்தபோது களத்தில் இறக்கியது. சுரண்டை வட்டாரத்தின் மின்னொளி மைதானங்களில் ஊர்ப் பையனை உட்கார வைத்து வெளியாளை இறக்கும்போது எழும் மனக்கசப்பும் இதையேதான் சொல்கிறது: ஆட வாய்ப்புப் பெறாதவரின் விலையை எவராலும் சொல்ல முடியாது.