தடைசெய்யப்பட்ட குடிப்பெயர்: ஸ்காட்லாந்தின் ‘மெக்கிரிகோர்’ – பொருள், தோற்றம், வழக்கு

ஆய்வுச் சுருக்கம்

குடும்பப்பெயர் ஒருவரை அடையாளப்படுத்தும் ஆவணக்குறி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்தின் உயர்நிலப் பகுதியைச் சேர்ந்த ‘மெக்கிரிகோர்’ என்னும் பெயர் 1603ஆம் ஆண்டு அரசாணையால் ஒழிக்கப்பட்டு, 1774இல்தான் முழுமையாக மீட்கப்பட்டது. இப்பெயரின் சொற்பொருளையும் வரலாற்றையும் ஆராயும் இக்கட்டுரை, பெயருக்கும் குடிக்கும் உள்ள உறவை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்பப்பெயர், கேலிக் மொழி, குலம், மெக்கிரிகோர், பெயர்த்தடை

சொற்பொருள்

‘மக் கிரிகைர்’ என்னும் கேலிக் தொடருக்குக் ‘கிரிகோரின் மகன்’ என்பது பொருள். ‘கிரிகோர்’ என்பது ‘கிரகோரி’ என்னும் கிறித்தவப் பெயரின் கேலிக் வடிவம். ‘விழித்திருப்பவன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பெண்களுக்கு ‘மக்’ வருவதில்லை. ‘நிக்’ என்னும் முன்னொட்டே வரும்.

‘மக்’ என்பதைத் தமிழ் ‘மகன்’ என்பதோடு இணைத்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. ஆயின் இவ்வொப்புமை தற்செயலானது. அயர்லாந்தின் பழைய ஓகம் கல்வெட்டுகளில் இச்சொல் ‘மக்கி’ என வருகிறது; வெல்ஷ் மொழியில் இதன் இனச்சொல் ‘மாப்’ ஆகும். ககரத்திற்கு நேராகப் பகரம் வரும் இம்மாற்றம் கெல்டிக் மொழிகளுக்குள் ஒழுங்காக நிகழ்வது. ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு மொழியுறவை நிறுவவியலாது என்பதற்கு இச்சொல் தக்க சான்று. ‘மக்’, ‘மக்’கின் சுருக்கம் ஆகிய இரு எழுத்து வடிவங்களுள் ஒன்று ஸ்காட்லாந்துக்குரியது, மற்றது அயர்லாந்துக்குரியது என்னும் பரவலான கருத்தும் பிழையானதே. இரண்டும் ஒரே சொல்லை எழுதும் முறைகள்.

தோற்றம்

உயர்நிலத்தில் தந்தைபெயர் தலைமுறைதோறும் மாறும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. தொலைமுன்னோர் ஒருவரின் பெயர் வழிவழியாக நிலைத்தபோதே அது குலப்பெயராயிற்று. தலைவனைச் சார்ந்து வாழ்ந்தோரும் அவனது பெயரை ஏற்றதால், ஒரே பெயருடையோர் அனைவரும் குருதியுறவினர் எனக் கொள்ளவியலாது. மெக்கிரிகோர் குலம் அரச மரபில் தோன்றியதாகத் தன்னைக் கூறிக்கொண்டது. ‘என் குலம் அரசகுலம்’ என்பதே அதன் விருதுவாசகம். வரலாற்றில் உறுதிப்படும் இதன் நிலங்கள் கிளென் ஆர்க்கி, கிளென் ஸ்ட்ரே முதலிய பள்ளத்தாக்குகளாகும். அரசின் ஆதரவு பெற்ற கேம்ப்பெல் குலத்தார் இந்நிலங்களின் சட்ட உரிமையைப் படிப்படியாகப் பெற்றனர். உரிமைப்பட்டயமின்றி வாழ்ந்த மெக்கிரிகோர்கள் கொள்ளைக்கும் பகைக்கும் தள்ளப்பட்டனர்.

பெயர்த்தடை

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் என்னுமிடத்தில் இவர்கள் கொல்கூன் குலத்தாரைப் பெருஞ்சேதத்துடன் தோற்கடித்தனர். இங்கிலாந்தின் அரியணையையும் பெற்றிருந்த ஆறாம் ஜேம்ஸ், எடின்பரோவிலிருந்து தெற்கே புறப்படுவதற்கு இரு நாள் முன்னர், ஏப்ரல் 3ஆம் நாள், மன்றாயம் இப்பெயரை ஒழித்து ஆணையிட்டது. பெயரை விடாதோர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. குலத்தலைவர் அலாஸ்டேர் 1604இல் தூக்கிலிடப்பட்டார்.

பின்னர் வந்த ஆணைகள், இறைச்சி வெட்டும் முனையற்ற கத்தியன்றி வேறு படைக்கலம் ஏந்துவதையும், நால்வருக்கு மேல் கூடுவதையும் தடுத்தன. 1633ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்குழந்தைக்குக் கிரிகோர் எனப் பெயரிட்டுத் திருமுழுக்கு அளிப்பதையும் அப்பெயரில் ஆவணம் எழுதுவதையும் விலக்கியது. தனிமனிதரின் குற்றத்திற்கு மாறாக, பெயரைத் தாங்குதலே குற்றமாயிற்று.

இரண்டாம் சார்லஸ் 1661இல் தடையை நீக்கினார். 1693இல் மூன்றாம் வில்லியம் ஆட்சியில் அது மீண்டும் விதிக்கப்பட்டது. 1774இல் நாடாளுமன்றம் இறுதியாக நீக்கியது.

மாற்றுப்பெயர் வழக்கு

தடைக்காலத்தில் இவர்கள் மர்ரே, டிரம்மண்ட், கிராண்ட், ஸ்டூவர்ட், கேம்ப்பெல் முதலிய பெயர்களை ஏற்றனர். தம் நிலத்தைப் பறித்த குலத்தின் பெயரிலேயே சிலர் ஒளிய நேர்ந்தது. புகழ்பெற்ற ராப் ராய் (1671–1734) தம் தாயின் குலப்பெயரான கேம்ப்பெல் என்பதையே ஆவணங்களில் வழங்கினார். வால்டர் ஸ்காட்டின் ‘ராப் ராய்’ புதினம் வெளிவந்த பின்னர், தண்டிக்கப்பட்ட அதே பெயர் பெருமைக்குரியதாயிற்று. மர்ரே என வழங்கிய தலைவர் குடும்பம் 1822இல் அரச உரிமத்தின்வழி பழம்பெயரை மீட்டது.

கிரிகோர் என்பதன் குறுக்கமான ‘கிரெய்க்’ வேறு நாட்டிலும் வேரூன்றியது. நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் கொள்ளுப்பாட்டனார் 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து பெர்கன் நகருக்குக் குடியேறியவர். அங்கு அப்பெயரின் எழுத்துமுறை மாறியது.

முடிவுரை

170 ஆண்டுகள் அவ்வப்போது நீங்கியும் தொடர்ந்தும் வந்த தடையால் இப்பெயர் ஏடுகளிலிருந்து மறைந்தது, குலவுணர்வு மறையவில்லை. எனவே 17, 18ஆம் நூற்றாண்டு உயர்நில ஆவணங்களைப் பயன்படுத்துவோர் இரு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஆவணத்தில் மெக்கிரிகோர் இல்லாமை அக்குடியினர் அங்கு இல்லாமையைக் காட்டாது. மர்ரே, கேம்ப்பெல் எனப் பதிவானமை அவர்தம் பிறப்பை உறுதிப்படுத்தாது. பெயர்ப்பதிவு குடியின் நேரடிச் சான்றன்று. அதனைப் பதிவுசெய்த அதிகாரத்தின் சான்றும் ஆகும்.