கீதா சாராபாயும் அலமாரியில் தூங்கிய டேப்புகளும்

டெக்னோ என்றாலே டெட்ராய்ட், பெர்லின் என்றுதான் பேச்சு. அதில் 'மினிமல்' என்று ஒரு வகை. 1994இல் டெட்ராய்ட் டி.ஜே. ராபர்ட் ஹூட் வெளியிட்ட 'மினிமல் நேஷன்' இசைத்தட்டைத்தான் அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். பாட்டு கிடையாது, மெட்டு என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும். கேட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ சின்னச் சின்னதாக மாறிக்கொண்டிருப்பது தெரியும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த எலக்ட்ரானிக் இசைக்கு ஒரு இந்தியக் கிளைக்கதை இருக்கிறது. அதன் நடுவில் இருப்பவர் ஒரு பெண். கீதா சாராபாய், பிறந்தது 1922இல்.

அகமதாபாத் காலிகோ மில் குடும்பம். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் தங்கை. (கேப்டன் லட்சுமியின் தங்கை மிருணாளினி, விக்ரமின் மனைவி. அந்த வகையில் மிருணாளினிக்கு இவர் நாத்தனார்.) ஆண்களே வாசித்துவந்த பக்கவாஜைக் கற்றுக்கொண்டவர். பக்கவாஜ் நம் மிருதங்கத்துக்கு வடநாட்டுச் சொந்தம்.

1946இல் நியூயார்க் போய் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஃபீஸ் கிடையாது, பண்டமாற்று! பதிலுக்கு இவர் கேஜுக்கு இந்திய இசை சொல்லித்தந்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனதை அடக்கி தெய்வீகத்துக்கு இடம் கொடுக்கத்தான் என்று தன் குரு சொன்னதைச் சொன்னார். அதைக் கேஜ் கடைசிவரை மறக்கவில்லை. 1952இல் அவர் எழுதிய படைப்பில் பியானோக்காரர் மேடையில் உட்கார்ந்து 4 நிமிடம் 33 விநாடி ஒரு சுரம்கூட வாசிக்க மாட்டார். இதைவிட மினிமல் ஏது?

முதன்முதலில் அப்படி 'வாசிக்காமல்' உட்கார்ந்தவர் டேவிட் டியூடர். அதே டியூடர் 1969இல் அகமதாபாத் வந்தார். அங்கே 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்புக் கழகத்தில் கீதாவின் அண்ணன் கௌதமும் தங்கை கிராவும் முக்கியப் புள்ளிகள். டியூடர் வந்து ஒரு மோக் சிந்தசைசரை நிறுவி ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். இதில் கீதாவின் பங்கு பெரிது.

அந்தக் கால மோக்கில் இன்றைய கீபோர்டு மாதிரி பட்டனைத் தட்டினால் வீணை, புல்லாங்குழல் எல்லாம் வராது. ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகித்தான் ஒலியை உருவாக்க வேண்டும். 'சேவ்' என்ற பேச்சே இல்லை. ஒயரைப் பிடுங்கினால் ஒலி போச்சு, டேப்பில் பதிந்தால்தான் உண்டு.

அப்படிக் கீதாவும், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை பதிந்தார்கள். சர்மா தன் பதிவுகளுக்கு வைத்த பெயர் 'டான்ஸ் மியூசிக்'. டெக்னோ என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம்! ஆனால் எதுவும் இசைத்தட்டாக வரவில்லை. டேப்புகள் கழகத்தின் ஆவணக் காப்பகத்திலேயே தங்கிவிட்டன. சரக்கு இருந்தது, சந்தை இல்லை.

கடைக்கு வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? 1982இல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த ஆல்பம் ஹெச்.எம்.வி. வெளியீடாகவே வந்தது. விற்கவில்லை. சிகாகோவின் 'ஆசிட் ஹவுஸ்' இசை இதே போன்ற ஒலியோடு 1987இல்தான் தட்டாக வந்தது. சிங்கின் ஆல்பம் 2010இல் மறுபதிப்பானதும் உலகம் அவரைத் தேடி வந்தது. 2015இல் இறப்பதற்கு முன் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டுப் போனார்.

கீதாவுக்கு அது வாய்க்கவில்லை. 2011இல் காலமானார். பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அந்த டேப்புகளைத் தேடி எடுத்து, 2020இல் பி.பி.சி. வானொலியில் அவற்றைப் பற்றி நிகழ்ச்சி செய்தார். கீதாவின் பதிவும் இடம்பெற்ற ஆல்பம் வெளிவந்தது 2023இல்.