சுமைக்கு வளையும் பலகை: கைட்போர்டின் திறனும் சுகமும்

பட்டம் இழுக்க நீரில் சறுக்கும் பலகையான கைட்போர்டை வாங்க வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது, விறைப்பான பலகை வேண்டுமா, நெகிழ்வான பலகை வேண்டுமா என்பதுதான். விறைப்பு ஃப்ரீஸ்டைலுக்கு (எகிறி வித்தை காட்டுவதற்கு), நெகிழ்வு ஃப்ரீரைடுக்கு (நிதானமான ஓட்டத்துக்கு) என்று தயாரிப்பாளர்களின் விவரக்குறிப்புகள் பிரிக்கின்றன. விறைப்பைத் திறன் என்றும் நெகிழ்வைச் சுகம் என்றும் அவை வாசிக்கின்றன. ஒன்று முதல் பத்து வரையிலான ஃப்ளெக்ஸ் எண்ணில் ஒரு முனையில் திறனும் மறுமுனையில் சுகமும் உட்கார்ந்திருக்கின்றன. இந்த அளவுகோலே தவறாகக் கட்டப்பட்டது என்பது என் வாதம். மாட்டுவண்டிக்கு வில்பட்டை செய்யும் வேலையைப் பலகையின் நெகிழ்வு செய்கிறது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நெகிழ்வு செய்யும் முக்கிய வேலை வேறு: சுமை ஏற ஏற அது பலகையின் ராக்கரை, அதாவது நீளவாட்டு வளைவை, மாற்றுகிறது. திறனும் சுகமும் அந்த மாற்றத்தில்தான் தீர்மானமாகின்றன.

இங்கே பேசப்படுவது ட்வின் டிப் பலகை. இரு முனையும் ஒன்றுபோல இருக்கும். நீளம் பெரும்பாலும் 130 முதல் 145 செ.மீ., அகலம் 38 முதல் 43 செ.மீ.; நடுவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன், முனைகளில் அதைவிடக் குறைவு. உள்ளே பெரும்பாலும் பவுலோனியா மரம், மேலும் கீழும் கண்ணாடியிழை அல்லது கார்பன், ஓரத்தில் ஏபிஎஸ் பட்டை. பிரான்சின் லெகெய்னு சகோதரர்கள் காற்றடைத்த விளிம்புள்ள பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரியபோது இப்படியொரு பலகை கிடையாது. தொடக்க காலத்தில் பெரும்பாலும் ஒருதிசைப் பலகைகளே ஓடின. வேக்போர்டின் சாயலில் ட்வின் டிப் வந்தது பின்னர்தான். வேகம் மட்டுமே நோக்கமாக உள்ள இடத்திலிருந்து அது இன்று விலக்கப்பட்டுவிட்டது. 2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் பந்தயம் ட்வின் டிப்பில் நடந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்செய் கடலில் நடந்த கைட் பந்தயமோ ஹைட்ரோஃபாயிலில், அதாவது நீருக்கடியில் இறக்கை பூட்டிய பலகையில். ஆக, ட்வின் டிப் இன்னும் நிலைத்திருப்பது எகிறவும் இறங்கவும் கவலையில்லாமல் ஓடவும்தான். சுகத்தை அதன் ஓர் உபரி வசதியாக ஒதுக்குவது அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் எகிறல். கைட் வட்டாரத்தில் இதைப் ‘பாப்’ என்பார்கள். விறைப்பான பலகை வளைந்து மீண்டு ஆளை மேலே தள்ளுகிறது என்ற விளக்கம் பரவலானது. 75 கிலோ எடையுள்ளவர் மூன்று மீட்டர் உயர ஏறத்தாழ 2,200 ஜூல் ஆற்றல் தேவை. பலகை 1,500 நியூட்டன் விசையில் மூன்று சென்டிமீட்டர் வளைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் சேமிப்பாகும் ஆற்றல் 22 ஜூல் சொச்சம். தேவையில் நூற்றில் ஒரு பங்கு. அது முழுவதும் இழப்பின்றித் திரும்பக் கிடைத்தாலும் அவர் மூன்று சென்டிமீட்டர்தான் உயர்வார். மிச்சம் எங்கிருந்து வருகிறது? நொடிக்கு ஒன்பது மீட்டரில் ஓடும் அதே ஆளிடம் 3,000 ஜூலுக்கு மேல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பட்டத்தின் கயிறுகளில் இழுவிசையும் இருக்கிறது. பலகையின் விளிம்பை நீரில் அழுத்திக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, கயிறு முறுக்கேறி நிற்கும் கணத்தில் விடுவதுதான் எகிறல். பலகை அந்தக் கணம்வரை நழுவாமல் பிடிக்க வேண்டும், பிறகு தயக்கமின்றி விட வேண்டும். ஆற்றலை அது கொடுப்பதில்லை. ஆற்றல் எந்த நொடியில் திசை மாறுகிறது என்பதை முடிவுசெய்கிறது. விறைப்புக்கும் எகிறலுக்கும் தொடர்பு உண்டு என்று சறுக்குபவர்கள் உணர்வது பொய்யல்ல. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

அடுத்தது இறங்குதல். நெகிழ்வான பலகை அடியை வாங்கிக்கொள்ளும் என்பது இரண்டாவது நம்பிக்கை. நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் நீரைத் தொடுபவர் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 40 செ.மீ. தூரத்தில் வேகத்தை அழித்தால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு அளவில் இருக்கும். பலகை இன்னும் மூன்று சென்டிமீட்டர் சேர்த்துக் கொடுத்தால் அது ஏழு விழுக்காடு குறையும். காலை மடக்கத் தெரியாமல் பத்து சென்டிமீட்டருக்குள் நிற்பவருக்கோ எதிர்முடுக்கம் எட்டு மடங்கு. அதே மூன்று சென்டிமீட்டர் அவருக்கு 23 விழுக்காடு மிச்சம் தரும். நீர் விலகிக் கொடுப்பதை இரு கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆக, மெத்தை விளக்கத்தில் ஓரளவு உண்மை இருப்பது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும். ஃப்ரீஸ்டைலில் தேர்ந்தவருக்கு அது பொருட்டல்ல. பட்டம் தாழ்வாக நிற்க வேகத்தோடு இறங்கும் அவருடைய முழங்கால்தான் வேலையைச் செய்கிறது.

ஆனால் இந்தச் சராசரி ஓர் உண்மையை மறைக்கிறது. இறக்கத்தில் குதிகாலை நோகடிப்பது பெரும்பாலும் முதல் சில மில்லிநொடிகளின் அறை. பலகை வளைய நேரம் கிடைக்கும் முன்பே அது முடிந்துவிடுகிறது. கடல் விமானத்தின் மிதவைகள் நீரில் மோதுவதைப் பற்றித் தியடோர் ஃபான் கார்மன் 1929இலும், அதை விரித்து ஹெர்பர்ட் வாக்னர் 1932இலும் எழுதியவை இங்கே நேரடியாகப் பயன்படுகின்றன. வாக்னரின் கோட்பாட்டில் ஆப்பு வடிவம் நீரில் மோதும்போது எழும் உச்ச அழுத்தம், அதன் முகத்துக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையிலான கோணத்தைப் பொறுத்து மிகக் கடுமையாக மாறுகிறது. கோணம் 5 பாகையிலிருந்து 10 பாகைக்கு ஏறினால் உச்ச அழுத்தம் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிறது. சுழியத்தை நெருங்கும் கோணங்களில் அடியில் சிக்கும் காற்று கணக்கைக் குழப்பிவிடும் என்பதால் மிகத் தட்டையான இறக்கத்துக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே பொருத்தக் கூடாது. இருந்தாலும் போக்கு தெளிவு: முதல் அறையைத் தணிப்பது கோணம்.

அந்தக் கோணம் பலகையில் எங்கே இருக்கிறது? பலகையின் அடியில் குறுக்குவாட்டில் தோண்டப்படும் குழிவைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். ஐந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள குழிவு, நடுவிலிருந்து விளிம்புவரை 20 செ.மீ. என்றால், ஒன்றரைப் பாகைகூடத் தருவதில்லை. விளிம்பின் பிடிக்கு அது உதவலாம்; இறக்கத்தை மென்மையாக்குகிறது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ராக்கர் வேறு கதை. 138 செ.மீ. நீளத்தில் முனைகள் நான்கு சென்டிமீட்டர் உயர்ந்த சீரான வளைவுக்கு ஆரம் ஏறத்தாழ ஆறு மீட்டர்; முனையில் சரிவு ஆறரைப் பாகை. மூன்று சென்டிமீட்டர் ராக்கருக்கு ஆரம் எட்டு மீட்டர் அளவில், முனைச் சரிவு ஐந்து பாகை. இதோடு சறுக்குபவர் வாலை முதலில் வைத்து இறங்கும் சாய்வும் சேர்கிறது. பலகையின் சொந்த வளைவும் ஆளின் பழக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கூடும் இடம் இது. ஆளின் பங்கு பெரிது.

ராக்கர் கூடக்கூட இறக்கம் மென்மையாகும், வளைந்த முனை நீரைத் தயக்கமின்றி விடுவதால் எகிறலும் கூர்மையாகும் என்றால் எல்லாப் பலகைக்கும் ஐந்து சென்டிமீட்டர் கொடுத்துவிடலாமே? முடியாது. நீர்மேல் வழுக்கி ஓடும் பலகைக்குத் தட்டையான அடியே இலாபம். வளைந்த அடியின் பின்பாதி நீரைக் கீழ்நோக்கித் தள்ளாமல் மேல்நோக்கி இழுக்கிறது. பின்புறம் அமிழ்கிறது, இழுவைத்தடை கூடுகிறது. விளிம்பில் நீரைப் பற்றும் நீளமும் சுருங்குவதால் காற்றுக்கு எதிரே ஏறுவது கடினமாகிறது. மெல்லிய காற்றில் ஓடத் தொடங்கவே அதிக இழுவை வேண்டியிருக்கும். ஃப்ரீரைடு பலகை தட்டையாக இருப்பதற்கும் ஃப்ரீஸ்டைல் பலகை வளைந்திருப்பதற்கும் உண்மையான காரணம் இதுதான். சுகத்துக்கும் திறனுக்குமான சண்டையாக இதைப் பார்க்க வேண்டியதில்லை, ஏனென்றால் இருபக்கமும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தட்டையான பலகை நீண்ட ஓட்டத்தில் கையையும் முதுகையும் காப்பாற்றும், இறக்கத்தில் குதிகாலைத் தண்டிக்கும்.

நெகிழ்வு நுழைவது இங்கேதான். காலடிகள் இரண்டும் நடுப்பகுதியில் அழுத்துகின்றன. நீர் நீளம் முழுவதும் மேலே தள்ளுகிறது. முனைகள் மேல்நோக்கி வளைகின்றன. மூன்று சென்டிமீட்டர் ராக்கரோடு செய்த நெகிழ்வான பலகை, பலமாக அழுத்தப்படும்போது நாலரை சென்டிமீட்டர் ராக்கருள்ள பலகையாக மாறிவிடும். இலேசான சுமையில் தட்டை, கனத்த சுமையில் வளைவு: நல்ல ஃப்ரீரைடு பலகையின் இரகசியம் அவ்வளவுதான். எகிறலுக்காக விளிம்பைப் பூட்டும் கணத்தில் இதே குணம் பகையாகிறது. சுமை உச்சத்தில் இருக்கும்போது முனைகள் விலகிக் கொடுக்க, பிடி நழுவி, கயிற்றில் சேர்ந்த இழுவிசை நீரில் கரைந்துபோகிறது. ஆகவே ஃப்ரீஸ்டைல் பலகைக்கு ராக்கரை அச்சிலேயே கொடுத்து, அது மாறாதபடி விறைப்பாக்குகிறார்கள்.

இப்படிப் பார்த்தால் ஃப்ளெக்ஸ் எண்ணின் பெரிய குறை வெளிப்படுகிறது. அதில் ஆளின் எடை இல்லை. 95 கிலோ ஆளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வளையும் பலகை, அதே போக்கில் 55 கிலோ ஆளுக்கு ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளையும். கனமானவர் ஓட்டிப் பார்த்து ‘சொகுசு’ என்று எழுதிய பலகை, மெலிந்தவர் காலுக்குக் கீழே தட்டையான விறைத்த பலகையாகவே இருக்கும். இளம்பெண்களும் பதின்வயதினரும் சிறிய பலகையை வாங்கினால் போதும் என்று சொல்லப்படுகிறது. நீளம் குறைந்தால் விறைப்பு கூடும் என்பது அந்த அறிவுரையில் மறந்துபோகிறது.

சிற்றலையில் ஓடும்போதுள்ள சுகம் தனியாகப் பேசப்பட வேண்டியது. எதிர்க்காற்றுக்கு 60 பாகை சாய்வில் நொடிக்கு ஒன்பது மீட்டரில் ஓடுபவர், ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் அலைநீளமுள்ள சிற்றலைகளை நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை சந்திப்பார். அலைகள் எதிரே நகர்வதையும் சேர்த்த கணக்கு இது. முழு உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை, செங்குத்து அதிர்வில் மனித உடல் மிகவும் நொந்துகொள்ளும் பகுதியாக எடைபோடுவது நொடிக்கு நான்கு முதல் எட்டு அதிர்வுகள் வரை. சிற்றலை நேராக அந்த இடத்தில் வந்து அடிக்கிறது. முழங்காலை மடித்து வைத்தால் உடல் தப்பும், தொடைத்தசை விலை கொடுக்கும். நாள் முடிவில் கால் நடுங்குவது அந்த விலைதான். தட்டைநீரில் ஒரு பலகையை மதிப்பிட்டவர் இதை அறியவே மாட்டார். தனுஷ்கோடியின் மணல்நாக்கில் கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்க, பாக் விரிகுடாப் பக்கத்தில் கரையோரம் நீர் தட்டையாகக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். ஒரே காற்றில், ஒரே நாளில், சில நூறு மீட்டர் நடந்து இரண்டையும் ஒப்பிடக்கூடிய இத்தகைய இடங்கள் அதிகமில்லை. கற்பிட்டி நீரேரியின் தட்டைநீரில் மட்டும் ஓட்டி ஒரு பலகையைச் சுகமானது என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை.

சிற்றலையில் உதவுவது நீளவாட்டு நெகிழ்வைவிட முனைகளின் முறுக்கு நெகிழ்வு என்று கருதுகிறேன். சிற்றலை பலகையை நேராக அடிப்பதில்லை, மூலையில் அடிக்கிறது. முனை சற்றே திருகிக்கொடுத்தால் அந்த அடி கணுக்காலுக்கு வரும் முன் தேயும், நடுப்பகுதியின் விறைப்போ விளிம்பின் பிடியோ கெடாது. இதைச் செய்யத் தயாரிப்பாளரிடம் கருவிகள் உண்டு. மேலுறை மாறாதபோது இத்தகைய அடுக்குப் பலகையின் விறைப்பு நடுமரத் தடிமனின் இருமடிக்கு இணங்க மாறும். தடிமன் பாதியானால் விறைப்பு கால்பங்கு. முறுக்கை ஆள்வது 45 பாகையில் போடப்படும் இழைகள். கார்பன் இழையின் விறைப்பு சாதாரணக் கண்ணாடியிழையைப் போல மும்மடங்கு என்பதால், அதை நீளவாட்டில் வைத்துக் குறுக்குச் சாய்வில் கண்ணாடியிழையை விட்டால் நடுவில் இறுக்கமும் முனையில் திருகலும் சேர்ந்து கிடைக்கும். கார்பன் என்ற பெயருக்காக இரு திசையிலும் அதையே திணிக்கும் பலகைகள் எடையில் இலேசாகவும் சிற்றலையில் கொடுமையாகவும் இருப்பதில் வியப்பில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. காலணைகளும் பட்டைகளும் பூட்ஸும் பலகையைவிட அதிகமாகச் சுகத்தைத் தீர்மானிக்கின்றன என்பார்கள். முதல் அறையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன்; பலகை தவறவிடும் அந்த மில்லிநொடிகளில் குதிகாலுக்கடியில் இருக்கும் மென்நுரைதான் துணை. 235 கைட் சர்ஃபர்களைப் பின்தொடர்ந்து 2004இல் நிக்கல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 1,000 மணிநேரத்துக்கு ஏழு காயங்கள் பதிவாயின. அவற்றில் பாதமும் கணுக்காலும் 28 விழுக்காட்டோடு முதலிடம். ஆனால் அந்த விபத்துகளில் பலவற்றுக்குக் கட்டுப்பாடிழந்த பட்டமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே அந்த எண்ணைப் பலகைக்கு எதிரான சாட்சியாக நான் நிறுத்தமாட்டேன். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: அது குதிகாலை இறுக்கிப் பிடிப்பதால் பலகையின் முறுக்கெல்லாம் நேராக முழங்காலுக்குப் போகிறது. பூட்ஸுக்கான பலகையில் முறுக்கு விறைப்பு வேறு கணக்கில் அமைய வேண்டும்.

ஃப்ளெக்ஸ் எண்ணுக்குப் பதிலாகத் தயாரிப்பாளர்கள் இரண்டே அளவுகளைத் தரலாம்: சுமையற்ற ராக்கர், குறிப்பிட்ட சுமையில் உள்ள ராக்கர். பலகையைக் காலணைத் துளைகளின் இடத்தில் தலைகீழாகத் தாங்கி, இரு முனைகளிலும் 25, 50 கிலோ எனச் சம எடை தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் நடுப்பகுதியைவிட முனைகள் கூடுதலாக எவ்வளவு தாழ்கின்றன என்று அளந்து, அதைச் சுமையற்ற ராக்கரோடு கூட்டினால் போதும். எடையை ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டால் முறுக்கும் தெரிந்துவிடும். ஒரு பட்டறை மேசையும் அளவுகோலும் இதற்குப் போதுமானவை. கடைக்காரரே செய்து பலகையின் மேல் ஒட்டிவைக்கலாம்.